'சும்மா பார்த்துவிட்டுப் போகிறோம்'

அந்தமானுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர், பயணத்தின் ஏதோ ஒரு நாளில், பொழுது விடியும் முன்பே ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வந்து நிற்கிறார்கள். அங்கே கார்களும் வேன்களும் பேருந்துகளும் வரிசை கட்டி நிற்கும். குறித்த நேரத்தில் தடுப்பு திறக்கும். காவல் பாதுகாப்போடு கான்வாய் காட்டுக்குள் நுழையும். அடுத்த 50 கிலோமீட்டர் அளவுக்கு அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியின் ஊடாகச் செல்கிறது. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது, மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதிகள் எல்லோருக்கும் சொல்லப்படுகின்றன. பயணத்தின் நோக்கமாகச் சொல்லப்படுவது பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும். ஆனால் காட்டைக் கடக்கும் நேரம் முழுவதும் வண்டிக்குள் ஓடுகிற கேள்வி ஒன்றுதான்: அவர்கள் கண்ணில் படுவார்களா? இது சரியா என்று யாராவது கேட்டால் உடனே ஒரு பதில் வரும். 'நாங்கள் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகிறோம். இதில் யாருக்கு என்ன தொந்தரவு?' இப்படிக் கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் தீங்கற்றவர்கள் என்றே உண்மையாக நம்புகிறார்கள். அதனாலேயே அந்தக் கேள்விக்கு முறையான பதில் தேவைப்படுகிறது.

அந்த நம்பிக்கைக்கு நம் சட்டத்திலேயே வேர் இருக்கிறது. ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டம், ஒருவரைச் சீண்டுவதையும் பயமுறுத்துவதையும் செய்தவரின் மனதை வைத்தே அளந்தது. அதன் 441ஆம் பிரிவின்படி, அடுத்தவர் வசமுள்ள இடத்துக்குள் நுழைவது மட்டும் குற்றமில்லை. வேறு குற்றம் செய்யவோ, அங்கிருப்பவரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு நுழைந்தால்தான் குற்ற அத்துமீறல். குற்ற மிரட்டலைப் பேசும் 503ஆம் பிரிவிலும் எதிராளிக்குத் திகிலூட்டும் எண்ணம் இருந்ததா என்பது முக்கியமான கேள்வி. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் பிரிவு எண்களை மாற்றியதே தவிர, இந்த அளவுகோலை மாற்றவில்லை. தண்டனை கொடுப்பதற்கு இந்த அளவுகோல் தேவைதான். எண்ணம் பார்க்காமல் ஆளைச் சிறையில் தள்ளுகிற சட்டத்தை யாரும் விரும்ப மாட்டோம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தண்டனைக்காக ஏற்பட்ட அளவுகோலை நாம் வாழ்க்கை முழுவதற்குமான ஒழுக்க அளவுகோலாக எடுத்துக்கொண்டுவிட்டோம். எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை, ஆகவே உனக்குத் தொந்தரவு நேர்ந்திருக்க முடியாது என்பது பொருந்தாத வாதம். தொந்தரவு நேர்ந்ததா என்பதைச் சொல்ல வேண்டியவர் அதை அனுபவித்தவர்தான்.

இதைத் தமிழ்நாடு அறியும். பெரிய விலை கொடுத்து அறிந்தது. 1998இல் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் தெருவில் ஆண்களின் சீண்டலால் உயிரிழந்தபோது மாநிலமே கொதித்தது. அதன் பின் வந்த சட்டத்துக்கு 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் என்றே பெயர். வம்புக்கும் விளையாட்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு ஆங்கிலச் சொல், ஓர் உயிரைப் பறித்த செயலுக்குத் தலைப்பாக நின்றது. 2002இல் அந்தத் தலைப்பு நீக்கப்பட்டு, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று மாற்றப்பட்டது. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளும், அவற்றை ஒட்டி 2013இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் இன்னும் ஒரு படி மேலே போயின. அங்கே அடிப்படைக் கேள்வி, அந்த நடத்தை எதிரில் இருந்தவருக்கு விருப்பமானதா என்பதுதான். 'விளையாட்டுக்குத்தான் சொன்னேன்' என்பது இன்று ஓர் அலுவலகத்தில் விளக்கமாக ஏற்கப்படாது. முற்றுப்பெறாத மாற்றம்தான், ஆனால் திசை சரியானது. இதே திசையை அந்தமான் தீவுகளுக்கான ஒரு சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. 1956ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம், காப்புப் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவதையே தடுத்தது. அன்போடு நுழைந்தாயா, ஆசையோடு நுழைந்தாயா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. நுழைவே தீங்கு என்பது அதன் நிலைப்பாடு.

அதிகாரிகளின் மிகைப்பட்ட எச்சரிக்கையாக இதை எண்ணுவது தவறு. இந்தத் தீவுகளின் வரலாறு கற்பித்த பாடம் இது. 1858இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) கைதிகள் குடியிருப்பை நிறுவியபோது, கிரேட் அந்தமானியர் என்று பின்னர் அழைக்கப்பட்ட குழுக்களில் 3,000 முதல் 5,000 பேர் வரை இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 1859இல் அபர்தீன் சண்டையில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் அவர்களை அழித்தது அந்தச் சண்டையில் சுட்ட துப்பாக்கி இல்லை. சில ஆண்டுகளுக்குள் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' திறக்கப்பட்டது. நட்பு வளர்ப்பதும், உணவும் உறைவிடமும் கொடுத்துப் பழக்குவதும் அதன் நோக்கம். அந்தப் பழக்கத்தின் வழியாகவே மேகநோய் பரவியது. 1877இல் தட்டம்மை வந்தது. மதுவும் புகையிலையும் வந்தன. 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1961இல் 19 பேர். இன்று ஐம்பது பேர் அளவில் இருக்கிறார்கள். 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி மறைந்தபோது 'போ' மொழியைப் பேசக் கடைசியாக இருந்தவரும் போய்விட்டார். அந்தமான் இல்லத்தை நடத்தியவர்களுக்கு இன அழிப்பு எண்ணம் இருந்தது என்று யாரும் வழக்குப் போட முடியாது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணாடியில் பார்த்தால் அவர்கள் குற்றமற்றவர்கள். ஆனால் ஒரு மக்களினம் கிட்டத்தட்ட முடிந்துபோனது.

எம்.வி. போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1880இல் வடக்கு சென்டினல் தீவில் செய்தது இதைவிடத் தெளிவான சாட்சி. ஆயுதம் தாங்கிய குழுவோடு இறங்கினார். தீவினர் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். பல நாள் தேடலுக்குப் பின் கையில் அகப்பட்டவர்கள் வயது முதிர்ந்த ஓர் ஆணும் பெண்ணும் நான்கு குழந்தைகளும். அவர்களைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் நோயுற்றார்கள், முதியவர் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் குழந்தைகள் என்ன கிருமியைச் சுமந்து வீடு திரும்பினார்கள், அதற்குப் பின் தீவில் எத்தனை பேர் மடிந்தார்கள் என்பதற்குப் பதிவே இல்லை. அந்தப் பயணத்தால் தீவினரின் அச்சமும் பகையும் கூடியதைத் தவிர வேறு பயன் விளையவில்லை என்ற பொருளில் போர்ட்மனே பிறகு எழுதினார். இன்று ஆங்கில நாளேடுகள் சென்டினல் தீவினரைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'ஹாஸ்டைல்', அதாவது பகை உணர்வுள்ளவர்கள் என்ற அடைமொழியைச் சேர்க்கின்றன. வீட்டிலிருந்த முதியவரையும் பிள்ளைகளையும் துப்பாக்கி ஏந்தி வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போன ஊரில், கரைக்கு வரும் படகைப் பார்த்து வில்லை வளைப்பது பகை ஆகாது, தற்காப்பு.

சுதந்திரத்துக்குப் பிறகும் சில காலம் நாம் அதே வழியில்தான் நடந்தோம், துப்பாக்கிக்குப் பதிலாகத் தேங்காயோடு. 1967இல் மானிடவியலாளர் டி.என். பண்டிட் இடம்பெற்ற குழு தீவில் இறங்கியபோது குடிசைகள் இருந்தன, ஆட்கள் இல்லை, காட்டுக்குள் போய்விட்டார்கள். 1974இல் ஆவணப்படம் எடுக்கப் போன குழுவின் இயக்குநர் தொடையில் அம்பு தைத்தது. 1991 ஜனவரியில் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழுவிடம் தீவினர் தண்ணீரில் இறங்கி வந்து தேங்காய் வாங்கிக்கொண்டார்கள். அது மகத்தான தருணம் என்று கொண்டாடப்பட்டது. ஆனால் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அரசு இந்தப் பயணங்களையே நிறுத்திவிட்டது. இந்திய நிர்வாகம் எடுத்த மிக நல்ல முடிவுகளில் ஒன்றாக இதைச் சொல்வேன். நட்பு கைகூடிவந்த வேளையில், இது அவர்களுக்கு நல்லதா என்று கேட்டுப் பின்வாங்குவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 2018 நவம்பரில் அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ், மீனவர்களுக்குப் பணம் கொடுத்து இரவோடு இரவாகத் தீவை அடைந்தார். ஒரு சிறுவன் எய்த அம்பு அவர் கையிலிருந்த விவிலியத்தில் பாய்ந்ததை அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அதைவிடத் தெளிவாக ஒருவர் 'வராதே' என்று சொல்ல முடியாது. மறுபடி போனார்; உயிரிழந்தார். 2025 மார்ச்சில் இன்னோர் அமெரிக்கர் ரப்பர் படகில் போய், விசில் அடித்துக் கூப்பிட்டுப் பார்த்து, ஒரு தேங்காயையும் ஒரு குளிர்பான டப்பாவையும் கரையில் வைத்துவிட்டு வந்ததாகக் காவல்துறை கைது செய்தது. முதலாமவருக்கு மதம், இரண்டாமவருக்குச் சாகசம். இருவருமே அந்தத் தீவினரை வெறுத்தவர்கள் அல்லர். அன்பும் ஆர்வமும்தான் அந்தக் கரையில் ஆபத்தாக வந்து இறங்கின.

ஜாரவாக்கள் விஷயத்தில் நாம் இந்த இருவரையும் குறை சொல்லும் தகுதியை இழந்துவிட்டோம். அங்கே நுழைவது ஒரு தனி ஆள் அல்ல, தேசிய நெடுஞ்சாலை. ஆங் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் இந்த மக்கள் 2011 கணக்கெடுப்பில் 380 பேர். சாலை போடப்பட்ட காலத்தில் அவர்கள் அம்பால் எதிர்த்தார்கள். காவலர்களைக் காட்டில் நிறுத்தி வைத்துச் சாலை போட்டு முடிக்கப்பட்டது. 1996இல் என்மெய் என்ற ஜாரவா சிறுவன் கால் முறிந்து கிடந்து, போர்ட் பிளேர் மருத்துவமனையில் சில மாதங்கள் சிகிச்சை பெற்றுத் திரும்பினான். அடுத்த ஆண்டின் இறுதியிலிருந்து ஜாரவாக்கள் ஆயுதமின்றிக் குடியேறிகளின் ஊர்ப்பக்கம் வரத் தொடங்கினார்கள். 1999இல் தட்டம்மை பரவிப் பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். 2006இல் மறுபடி வந்தது. கிரேட் அந்தமானியரைத் தாக்கிய அதே நோய், நூற்று இருபது ஆண்டுகளுக்குப் பின். 2012 ஜனவரியில் லண்டன் நாளேடு ஒன்று வெளியிட்ட காணொளியில், சாலையோரம் நின்ற ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் குரல் கேட்டது; கூலி, உணவு. நாடே கொந்தளித்தது. அதே ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. படம் எடுப்பதற்கும் சிறை உண்டு என்றானது. ஆனால் அந்தக் காணொளியில் உள்ளதை நடத்திக்கொடுத்த சாலையும் கான்வாயும் அப்படியே நீடிக்கின்றன. படம் எடுத்தால் குற்றம், எடுக்காமல் ஆயிரம் கண்கள் வெறித்துப் பார்த்தால் குற்றமில்லை என்று பிரித்துவைத்தோம். பார்க்கப்படுகிறவருக்கு இந்த வேறுபாடு எந்த வகையில் உதவும்? ஒருவர் வீட்டு முற்றத்தின் குறுக்கே ஒரு நாளைக்குப் பல முறை அந்நியர் வண்டிகள் ஊர்வலமாகப் போய், ஒவ்வொரு சன்னலிலும் முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால், கேமராவை மடியில் வைத்துக்கொண்டோம் என்பது அந்த வீட்டாருக்குச் சமாதானம் ஆகுமா?

இது உணர்ச்சிவசப்பட்டவர்களின் பேச்சு மட்டும் இல்லை. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைப் பரிசீலித்த உச்ச நீதிமன்றம், 2002 மே மாதத்தில், ஜாரவா காப்புப் பகுதி ஊடாகச் செல்லும் சாலைப் பகுதிகளை மூட உத்தரவிட்டது. அவை மூடப்படவில்லை. ஜாரவாக்களுக்கு முடிந்த அளவு தன்னாட்சி, முடிந்த அளவு குறைந்த தலையீடு என்பதை 2004இல் அரசே கொள்கையாக அறிவித்தது. 2013 ஜனவரியில் நீதிமன்றத்தின் ஓர் இடைக்கால ஆணையால் சுற்றுலா வண்டிகள் சில வாரங்கள் நின்றன. அந்த வாரங்களில் சாலையில் போக்குவரத்து பெருமளவு குறைந்தது. மார்ச்சில் ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டதும் வரிசை மீண்டும் நீண்டது. அந்தச் சில வாரங்கள் ஒன்றைத் தெளிவாகக் காட்டிவிட்டன: அந்தச் சாலையின் நெரிசலில் கணிசமான பங்கு வேடிக்கை பார்க்கப் போகிறவர்களால் உண்டாவது.

சாலையை மூடுவதை எதிர்ப்பவர்கள் சொல்வதில் மிக வலுவானது உள்ளூர் மக்களின் தேவை. ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் வட்டாரங்களில் தலைமுறைகளாக வாழ்பவர்களில் வங்காளத்திலிருந்து வந்த அகதிகளின் பிள்ளைகள் உண்டு, ராஞ்சித் தொழிலாளர் குடும்பங்கள் உண்டு, தமிழர்களும் உண்டு. பிரசவ வலி வந்த பெண்ணும் நெஞ்சுவலி வந்த முதியவரும் தலைநகர மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்கறியும் எரிவாயு உருளையும் வந்து சேர வேண்டும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலை மட்டும் நம்பச் சொல்வது எளிதல்ல. இதை முழுதாக ஏற்கிறேன். இவர்களை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது அரசு. வழியை மட்டும் அடைத்துவிட்டு இருங்கள் என்று சொல்வது இன்னொரு அநீதி. ஆனால் ஆம்புலன்ஸுக்காகவும் பால் வண்டிக்காகவும் எழுப்பப்படும் இந்த வாதத்தின் நிழலில், குகை பார்க்கப் போகும் வேன்கள் ஒளிந்துகொள்கின்றன. சோதனைச் சாவடியில் ஏற்கெனவே ஒவ்வொரு பயணியின் விவரமும் பதிவாகிறது. உள்ளூர்க்காரர் யார், சுற்றுலா வந்தவர் யார் என்று பிரிப்பது நிர்வாகத்துக்குப் பெரிய வேலையே இல்லை. உள்ளூர் வண்டி போகட்டும், சுற்றுலாப் பயணி கடல்வழியே போகட்டும் என்று நாளைக்கே தொடங்கலாம். கப்பல்கள் பெருகப் பெருக உள்ளூர்ப் போக்குவரத்தையும் மெல்ல மெல்லக் கடலுக்கு மாற்றி, 2002 தீர்ப்பை நிறைவேற்றலாம். பாராடாங்கில் படகு ஓட்டிப் பிழைப்பவர்களின் வருமானமும் இதனால் அற்றுப்போகாது. பயணி படகில் வந்தாலும் குகைக்கு அவர்கள் படகில்தான் போக வேண்டும்.

இன்னோர் எதிர்ப்பு மனசாட்சியைத் தொடுவது. ஜாரவாக்களே சாலைக்கு வருகிறார்களே, துணியும் பிஸ்கட்டும் கேட்கிறார்களே. அவர்களைக் காட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொல்ல நாம் யார்? அருங்காட்சியகப் பொருளாக வைத்துப் பூட்டுவதுதான் மரியாதையா? நியாயமான கேள்வி. சாலையை மூட வேண்டும் என்பவர்களில் சிலர் 'கற்கால மனிதர்கள்' என்று பேசி இந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுத்ததும் உண்மை. அவர்கள் கற்காலத்தவர் இல்லை. நம் காலத்தில் வேறு விதமாக வாழ்கிறவர்கள். ஆனால் சாலையை மூடுவது அவர்கள் கால்களைக் கட்டுவதாகாது. அவர்கள் வரலாம், தேவைப்பட்டால் மருத்துவரிடம் போகலாம். என்மெய் திரும்பிய பின் அவர்கள் வந்தது தாங்களே தேர்ந்த நாளில், தாங்களே தேர்ந்த வழியில். கான்வாயில் நிகழும் சந்திப்பில் நாளையும் நேரத்தையும் வேகத்தையும் நாம் தீர்மானிக்கிறோம். கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதும் நம் கையில். பிஸ்கட்டுக்காகச் சாலையோரம் நிற்கும் ஒரு குழந்தையைக் காட்டி அவர்கள் விரும்பித்தான் வருகிறார்கள் என்பது, வாசலில் நின்று பல ஆண்டு பழக்கிவிட்டு, பழகியதையே சம்மதமாகக் காட்டுவது. பணியிடச் சட்டம் கேட்கும் கேள்வியை இங்கும் கேட்போம்: மறுக்கும் வாய்ப்பு உண்மையில் இருந்ததா? மறுத்தால் அது மதிக்கப்படுமா? சாலை போடும்போது அவர்கள் அம்பால் மறுத்தார்கள். அது மதிக்கப்படவில்லை.

கள்ள வேட்டைக்காரர்களும் திருட்டு மீன்பிடிப்பவர்களும் செய்யும் கேடு சுற்றுலாப் பயணியால் நேர்வதைவிடக் கொடியது, அதை விட்டுவிட்டு ஏன் வேன்களைப் பிடிக்கிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். கேடு கொடியதுதான். மது, போதைப்பொருள், பெண்கள் மீதான சுரண்டல் எல்லாம் அந்த வழியாக நுழைகின்றன. காவல் இறுக வேண்டிய முதல் இடம் கடலோரம். ஆனால் காவலரின் பொழுதை விழுங்குவதும் இந்த ஊர்வலங்களுக்குத் துணைபோகும் வேலைதான். வேன்கள் நின்றால் அந்தக் கைகள் கடலோரத்துக்கு விடுபடும்.

சென்னையிலிருந்து இரண்டு மணி நேர விமானப் பயணத்தில் இருக்கிற இந்தத் தீவுகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். செல்லுலார் சிறை, ஹேவ்லாக் கடற்கரை, அடுத்து பாராடாங் என்று பயண நிறுவனங்கள் அட்டவணை போடுகின்றன. அரசு தடை விதிக்கும் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் பயணிக்கு இல்லை. சாலை வழியே பாராடாங் அழைத்துப்போகும் திட்டம் வேண்டாம், கடல்வழிப் படகு இருந்தால் சொல்லுங்கள் என்று முன்பதிவின்போதே கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் ஒரு நிறுவனம் அட்டவணையை மாற்றும். காட்டுச் சாலையில் எடுத்த காணொளியை யாராவது அனுப்பினால் பகிராமல் விடலாம். அது குற்றச் செயலின் பதிவு என்றும் சொல்லலாம். அந்தமான் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஜிர்காடாங் சாவடியில் சுற்றுலா வண்டிகளுக்கான அனுமதியை நிறுத்தும் தேதி எது? 2002 மே மாதம் முதல் அந்தக் கேள்விக்குப் பதில் நிலுவையில் இருக்கிறது.